பார்க்கு மடை

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. தலை நரைத்த பிறகும் அப்படித்தான். இளவயதில் இன்னும் மோசம். காலையில் சுருளி அருவி. மத்தியானம் ஆற்றங்கரை. பொழுது சாய்ந்தால் குமுளி மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டைகளோடு வண்டிகள் இறங்கி வருவதைப் பார்க்க ஒரு நடை. மலை என்னைக் கூப்பிடும், ஆறு கூப்பிடும், யாரும் கூப்பிடாவிட்டால் புழுதி கூப்பிடும். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் "சும்மா" என்பேன். ஆண்பிள்ளை சொன்னால் அந்த ஒரு சொல் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கச் செல்லும்.

என் மதினி சொன்னால் செல்லாது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. சிரித்தால் மூன்றாம் வீட்டுக் கன்றுக்குட்டி காதைத் தூக்கிப் பார்க்கும். அப்படிப்பட்டவருக்கு ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு இரண்டு காலிலும் வீக்கம் கண்டது. கம்பத்து டாக்டர் கட்டைவிரலால் கணுக்காலை அழுத்தினார். அழுத்திய குழி அப்படியே நின்றது. "தினமும் சாயங்காலம் நல்லா நடக்கணும்மா. தலையில சுமை, கையில வேலை எதுவும் இல்லாம, சும்மா நடக்கணும். இல்லேன்னா இந்தக் காலு உங்களைக் கட்டில்ல போட்டுரும்" என்றார். மதினிக்கு டாக்டரிடம் பயமில்லை. கட்டிலிடம்தான் பயம். அவருடைய தாயார் கடைசி வருஷங்களில் கட்டிலில் கிடந்து ஓட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தவர்.

மறுநாளே நடக்கப் புறப்பட்டார். தெருக்கோடி போய்த் திரும்புவதற்குள் அவர் நடைக்கு ஊர் மூன்று காரணம் கண்டுபிடித்துவிட்டது: புருஷனோடு சண்டை, பிறந்த வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போகிறார், கன்றுக்குட்டி காணாமல் போய்விட்டது. இரண்டு பேர் உண்மையாகவே கன்றுக்குட்டியைத் தேடக் கிளம்பினார்கள்.

அதற்கடுத்த நாள் இடுப்பில் ஒரு காலிக் குடத்தை வைத்துக்கொண்டு நடந்தார். அதுவும் எடுபடவில்லை. "ஏந்தாயி, ஆறு அங்கிட்டுல்ல இருக்கு, நீ இங்கிட்டுப் போறே?" என்று கேட்டது தெரு.

அண்ணன் யோசனை சொன்னார். "வீட்டுக்குள்ளயே நடந்துக்கிற வேண்டியதுதான?"

"நடந்து பாத்தேன். அடுப்படிப் பக்கம் போனா சட்டி கூப்பிடுது. கொல்லைக்குப் போனா மாடு கூப்பிடுது. எங்கன நடந்தாலும் வேலைதான் வருது, நடை வரல."

அப்போதுதான் பார்க்கு ஞாபகம் வந்தது.

எங்கள் ஊருக்கு ஒரு பார்க்கு உண்டு. ஏதோ ஒரு வருஷம் எங்கிருந்தோ வந்த ஓர் அதிகாரியின் மனம் குளிர்வதற்காகப் பஞ்சாயத்து போர்டு கட்டிய பார்க்கு. சுற்றிலும் இரும்புக் கம்பி, உள்ளே வட்டமாக ஒரு பாதை, நாலைந்து சிமெண்டு பெஞ்சு, ரோஜாப் பாத்தி, குரோட்டன்ஸ் செடி. நடுவில் ஒரு நீரூற்றுத் தொட்டி. தண்ணீர் ஊறி யாரும் பார்த்ததில்லை, தவளை குடியிருந்தது. மதினி அந்தத் தொட்டியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். அதிசயம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நேராக நடந்தால்தான் எங்கள் ஊரில் கேள்வி. ஒன்றைச் சுற்றி வந்தால் வேண்டுதல் என்று விட்டுவிடுவார்கள். "பாவம், என்ன நேர்ச்சையோ" என்று ஒரு கிழவர் தவளைத் தொட்டியைப் பார்த்துக் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார்.

ஆனால் பார்க்கு பார்க்காக இல்லை. வளைந்த கம்பி வழியாக ஆடு வந்து ரோஜாவைக் கடிக்கும். பெஞ்சில் சீட்டாட்டம், பெஞ்சின் முதுகில் வெற்றிலை எச்சில். குரோட்டன்ஸ் மேல் யார் வீட்டுக் கோவணமோ காயும். சந்தை நாளில் சேவல் சண்டை. கள்ளுக்கடை மூடியதும் பாட்டுக் கச்சேரி. மதினி ஒரு சுற்று வருவதற்குள் ஆட்டைத் தாண்டி, சேவலைத் தாண்டி, மல்லாந்து கிடப்பவனைத் தாண்டி வரவேண்டும். அது நடையல்ல, கிட்டத்தட்டச் சிலம்பம்.

தை மாதம் போர்டிலிருந்து தமுக்கு அடித்துச் சொன்னார்கள். பார்க்கில் ஒழுங்கும் இல்லை, பூவும் இல்லை என்று போர்டு பிரசிடெண்டு கோபமாக இருக்கிறார். சித்திரை பிறப்பதற்குள் பாத்தியில் பூச்செடி நின்றால் பார்க்கு நிற்கும். இல்லையென்றால் கம்பியைப் பிடுங்கிவிட்டு வண்டிப்பேட்டை ஆக்கிவிடுவார்கள். மலையிலிருந்து இறங்கும் வண்டிகள் அவிழ்த்துப் போட ஊருக்குள் இடம் வேண்டியிருந்தது.

ஊர் கவலைப்படவில்லை. பார்க்கு போனால் யாருக்கு என்ன? மதினி மட்டும் அன்று இரவு சாப்பிடாமல் கணுக்காலை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். குழி நின்றது.

"போர்டுல காவக்காரன் போடச் சொல்லுவோமா மதினி?" என்றேன்.

"போட்ட காவக்காரந்தான் அங்கன சீட்டாடுறான், கொழுந்தனாரே."

மறுநாள் சாயங்காலம் அவர் செய்த காரியத்தைச் சொல்வதற்கு முன், எங்கள் வாய்க்கால் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆற்றுத் தண்ணீர் எங்கள் வயல்களுக்கு முறை வைத்துத்தான் பாயும். ஒருவர் பாய்ச்சி முடித்ததும் மண்வெட்டியை, நாங்கள் சொல்கிறபடி சொன்னால் மம்பட்டியை, அடுத்த முறைக்காரர் வாசலில் கொண்டுபோய்ச் சாத்திவிடுவார். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். வாசலில் மம்பட்டி நின்றால் அந்த வீட்டுக்காரர் போயாக வேண்டும். காய்ச்சலானாலும் சரி, கல்யாணமானாலும் சரி. அவர் முறையில் கரை உடைந்தால் அவரேதான் அடைக்க வேண்டும். முறை வேண்டாம் என்று சொன்னவன் இதுவரை பிறக்கவில்லை.

மதினி எங்கள் வீட்டு மம்பட்டியை எடுத்துப்போய் எதிர்வீட்டு வாசலில் சாத்திவிட்டு வந்தார். அவ்வளவுதான் செய்தார்.

எதிர்வீட்டுக்காரருக்கு ஊரிலேயே பெரிய மீசை. மாட்டைக் கட்டிவிட்டு வந்தவர் மம்பட்டியைப் பார்த்தார். எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மடைக்குப் போய்விட்டார். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"ஏந்தாயி, ஒங்க வீட்டு மம்பட்டி எங்க வாசல்ல நின்னுச்சு. மடைக்குப் போனேன். அங்கன சொட்டுத் தண்ணி இல்ல. என்ன சங்கதி?"

"அது வாய்க்கா மடைக்கு இல்லண்ணே. பார்க்கு மடைக்கு."

"பார்க்குக்கு ஏது மடை?"

"ஆடு உள்ள வருது, சீட்டுக்கட்டு உள்ள வருது, கள்ளுக் கலயம் உள்ள வருது. அம்புட்டும் வார வழி மடைதான? மாடு வீடு திரும்புற நேரத்துல இருந்து வெளக்கு வைக்கிற வரைக்கும் அடச்சு நின்னு பாத்துக்கங்க. முடிஞ்சதும் அடுத்த வாசல்ல சாத்திருங்க."

"மாட்டேன்னா?"

"அதுக்கென்ன, மம்பட்டிய எங்க வாசல்லயே திருப்பிச் சாத்திட்டுப் போங்க. முறை வேணாம்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்னு நாளைக்கு ஊரு பேசும். பேசிட்டுப் போகுது."

மீசைக்காரர் மம்பட்டியைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

"பொம்பளையா இது!" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பொழுது சாய்கையில் பார்க்கு வாசலில் தோளில் மம்பட்டியோடு நின்றது அவருடைய மீசைதான்.

சீட்டாட்டக்காரர்கள் ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார்கள். முறையில் இருக்கும் ஆளோடு எங்கள் பக்கத்தில் யாரும் வாய் கொடுப்பதில்லை. முறை நேரத்தில் கூடப்பிறந்தவன்கூட வரப்பைவிட்டு விலகித்தான் நடப்பான். தண்ணீர் இல்லாவிட்டால் என்ன, மம்பட்டி இருக்கிறதே. சீட்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். "என்னண்ணே, இங்கன என்ன பாயுது?" என்று ஒருவன் மட்டும் கேட்டான். "ஒங்க மானம் பாயுது, போங்கடா" என்றார் மீசைக்காரர்.

ஆட்டுக்காரர்தான் பணியவில்லை. பெரிய கிடைக்குச் சொந்தக்காரர். மம்பட்டிக்காரர் கிழக்கே போனால் அவருடைய ஆடு மேற்கே நுழையும். "ஆட்டுக்கு மம்பட்டி தெரியுமாய்யா? சும்மா கெடக்கிற எலதான, ரெண்டு வாய் தின்னா என்ன கொறஞ்சு போச்சு?" என்பார். மீசைக்காரர் முறை மறுபடி வந்த நாளில் ஓர் ஆடு பார்க்கின் கடைசி ரோஜாவைத் தின்றது, முள்ளைக்கூட விட்டுவைக்கவில்லை.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் வரிசையாகக் கத்தரி நாற்று.

மதினி தலையில் கை வைத்துக்கொண்டார். "பூச்செடி கேட்டாகண்ணே! நீங்க கொழம்புக்கு நட்டிருக்கீக!"

"ரோசாவுக்கு நான் எங்கிட்டுப் போறது தாயி? எங்கிட்ட இருந்தது நாத்து. என் முறையில ஒடஞ்சத நான் அடைக்கணும். அடச்சுட்டேன். நீ கொண்டாந்த சட்டந்தான இது?"

மதினி தலையிலிருந்து கையை எடுத்தார். அவர் கொண்டுவந்த சட்டம்தான்.

அதோடு நிற்கவில்லை. மண்ணில் பாடுபடும் சம்சாரி கையில் மம்பட்டியைக் கொடுத்து, எதிரே மண்ணையும் காட்டி, விளக்கு வைக்கும்வரை சும்மா நில் என்றால் நிற்பானா? கத்தரி நட்ட வாரத்திலேயே மற்றப் பாத்திகளுக்கும் வரப்பு ஏறிவிட்டது. அடுத்த வாரம் வாய்க்காலிலிருந்து கம்பிக்கு அடியில் ஒரு கிளை வந்து சேர்ந்தது. ஒருவர் குரோட்டன்ஸைப் பார்த்து, "இது காய்க்குமா?" என்று கேட்டார். காய்க்காது என்றதும் நகர்த்தி நட்டுவிட்டு அந்த இடத்தில் மொச்சை ஊன்றினார். மொச்சை பெஞ்சின் மேல் ஏறியது. பூசணிக்கொடி தவளைத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தது. மிளகாய் வந்தது. வெண்டை வந்தது. எங்கள் வீட்டு முறை வந்தபோது அண்ணன் என்னை அனுப்பினார்: "ஓடுற காலு ஒனக்குத்தான, போய் ஒரு நாளாச்சும் நில்லு." எனக்கு மம்பட்டி பிடிக்க வராது. ஓர் அகத்திக் குச்சியை ஊன்றிவிட்டு வந்தேன். அதுவும் துளிர்த்துவிட்டது. எங்கள் பள்ளத்தாக்கு மண் அப்படி. கைத்தடியை மறந்துவிட்டுப் போனாலும் இலை விடும்.

பங்குனி பிறந்தபோது போர்டு வைத்த பூ ஒன்றுகூட இல்லை. மதினிக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"பூவு கேட்டாக. நான் தோட்டம் போட்டு வச்சிருக்கேன். நானே மம்பட்டியக் கொண்டுபோய் என் நடைக்குக் குழி வெட்டிட்டேன், கொழுந்தனாரே."

"நிறுத்தச் சொல்லிருவோமா?"

"முறைய எப்பிடி நிறுத்துறது? அது பாட்டுக்கு வாசல் வாசலாப் போய்க்கிட்டுல்ல இருக்கு."

கவலையோடுதான் சுற்றினார். நானும் கூடச் சுற்றினேன். எனக்கு வட்டமாக நடந்து பழக்கமில்லை. இரண்டு சுற்றுக்குள் தலை கிறங்கும், கால் மலைப்பக்கம் இழுக்கும். இருந்தாலும் நடந்தேன். மேற்கே மலை மேல் வெயில் செம்பைத் தேய்த்துக் கவிழ்த்ததுபோல் இருக்கும். மொச்சைப் பூ வாசம். கிளை வாய்க்காலில் தண்ணீர் யாரிடமோ கோள் சொல்வதுபோல் முணுமுணுத்துக்கொண்டு போகும். வட்டமாக நடந்தாலும் பொழுது ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு நிறத்தில் வந்து நிற்கும் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

அப்படி ஒரு சாயங்காலம், வளைந்த கம்பி வழியாக ஓர் ஆடு கழுத்தை உள்ளே நீட்டியது. ரோஜாவைத் தின்ற ஆடு நுழைந்த அதே சந்து. கத்தரி காய்க்கும் பருவம். நாங்கள் எட்டிப் போய் விரட்டுவதற்குள் ஆட்டுக்காரர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். ஆட்டின் காதைப் பிடித்து இழுத்து மண்டையில் ஒரு தட்டு.

"ஏ மூதேவி! வெள்ளாமையிலயா வாய வைக்கிறே? சம்சாரி பாடுபட்டது கண்ணுக்குத் தெரியல ஒனக்கு? மானத்த வாங்குது சனியன்!"

மதினி அப்படியே நின்றுவிட்டார்.

"கொழுந்தனாரே, கேட்டீகளா?"

"கேட்டேன்."

"பூவா இருந்தப்ப எலைன்னாரு. இப்ப வெள்ளாமைங்கிறாரு."

அதன்பிறகு நாங்கள் கவனித்துப் பார்த்தோம். சேவல் சண்டை ஆற்றோரத்துக்குப் போய்விட்டிருந்தது. மிதிபடுமே என்று அவர்களே போயிருந்தார்கள். மிளகாய்ச் செடி பக்கம் வெற்றிலை துப்ப யாருக்கும் வாய் வரவில்லை. கள்ளுக்கடைப் பாட்டுக்காரர்கள் மட்டும் இன்னும் வந்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, உடம்பு நாலு பக்கமும் ஆட, கால் மட்டும் வரப்பைவிட்டு இறங்காமல் போனார்கள். "ஏலே, பாத்து வைலே, பாத்திடா!" என்று முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குச் சொல்லிக்கொண்டே போவார். நிதானம் தவறியவர்களுக்கும் வரப்பு தெரிந்திருந்தது.

ஆனால் பிரசிடெண்டுக்குத் தெரிய வேண்டுமே. அவர் கேட்டது பூ.

பங்குனி முடியும் தறுவாயில் அவர் வந்தார். குடை, துவைத்த வெள்ளை வேட்டி, முகத்தில் முன்கூட்டியே முடிவு செய்த கோபம். பின்னாலேயே ஒரு வண்டி. வண்டிக்காரர்களுக்குத் தலைவர் ஓட்டி வந்தார். பேட்டைக்கு எத்தனை வண்டி கொள்ளும் என்று நிறுத்திப் பார்க்க வந்திருந்தார். தெருவே கம்பியோரம் கூடிவிட்டது. மீசைக்காரர் தோளில் மம்பட்டி. அன்று அவர் முறை. மதினி என் பக்கத்தில் நின்றார். புடவைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

பிரசிடெண்டு உள்ளே நுழைந்தார். குடை தானாகத் தாழ்ந்தது.

"ரோசா எங்கய்யா?"

"அது ஆட்டுக்குப் போச்சுங்க" என்றார் மீசைக்காரர்.

"குரோட்டன்ஸு?"

"அந்தா, ஓரமா நிக்குதுங்க. காய்க்காத செடிக்கு ஓரம் போதாதுங்களா?"

"நான் பூந்தோட்டம் கேட்டேன். நீங்க காய்கறிச் சந்தையில்ல வச்சிருக்கீக! வண்டிய உள்ள விடச் சொல்லுய்யா. எத்தன நிக்குதுன்னு பாத்துருவோம்."

மதினி முறுக்கிய தலைப்பு கையிலேயே நின்றது.

வண்டிக்காரர் மாட்டைத் தட்டவில்லை. வண்டியைவிட்டு இறங்கி வந்து முதல் பாத்தியின் முன்னால் நின்றார். கத்தரி குலுங்கக் காய்த்திருந்தது. ஊதாவும் பச்சையுமாக, இலைக்கடியில் ஒளிந்துகொண்டு. குனிந்து ஒரு செடியின் மண்ணை அணைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"காய்ப்புல நிக்கிற செடிங்க. இது மேல சக்கரத்த ஏத்தச் சொல்றீகளா?"

"போர்டு இடம்யா."

"இடம் யாருதா இருந்தாலும் வெள்ளாமைங்க. நாளைக்கு நான் எந்த ஊர்ல வண்டிய அவுக்க முடியும்? காய்ச்ச செடிய மிதிச்சவன்னு சொல்லித் தண்ணிகூடத் தர மாட்டாக. எங்களுக்கு வேற எடம் காட்டுங்க."

பிரசிடெண்டு வண்டிக்காரரைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று பார்க்கின் மறுகோடிக்கு நடந்தார். தானே இடத்தை அளந்துவிடுவார் போலிருந்தது. ஆனால் நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குறுக்கே ஒரு எட்டுக்கூட வைக்காமல், வரப்பு வரப்பாக வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது அந்தக் கால். மறுகோடியில் நின்று அவரே குனிந்து அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"யாரு வெள்ளாமை இது?"

எல்லோரும் மம்பட்டியைப் பார்த்தார்கள்.

"யாரு முறையோ அவுக வெள்ளாமைங்க" என்றார் மீசைக்காரர்.

"சரிய்யா, சரி. பேட்டைய ஆத்தோரப் பொட்டல்ல போட்டுக்குவோம்." வாசல்வரை போனவர் குடையை விரித்துக்கொண்டு திரும்பினார். "பார்க்குன்னு பேரு இருக்கு. பேருக்கு ஒரே ஒரு ரோசாவாச்சும் வைங்கப்பா."

"வைக்கலாங்க" என்றார் மீசைக்காரர். "ஆனா அதுக்கு வேலி கட்டணும். பூவுன்னு தெரிஞ்சா ஆடு விடாது."

மதினி சிரித்தார். பல வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. பூட்டி நின்ற வண்டிமாடு மிரண்டு ஓரடி பின்வாங்கியது. பிரசிடெண்டு அதைத் தன்னைப் பார்த்துச் சிரித்ததாக எடுத்துக்கொள்ளாமல், கை நிறையக் கத்தரிக்காயோடு போய்ச்சேர்ந்தார். மீசைக்காரர் அதற்குள் பறித்துக் கொடுத்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம் மதினி பழைய குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். இந்த முறை கிளை வாய்க்காலில் முங்க வைத்து நிரப்பினார். தண்ணீர் எட்டாத மேட்டுப் பாத்திக்கு ஊற்ற.

"எங்க தாயி போறே?" என்று கேட்டது ஒரு குரல்.

"செடிக்கு ஊத்த."

அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆடி மாதம் டாக்டர் கட்டைவிரலை வைத்து அழுத்தியபோது குழி விழுந்த வேகத்தில் மூடிக்கொண்டது. "சுமை எதுவும் இல்லாமத்தான நடக்கிறீங்க?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு மதினி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு தென்னை மரத்தைத் தேடினேன்.

அவர் பொய் சொல்லவில்லை. ஊற்றுவது ஒரு குடம்தான். ஊற்றி முடித்த பிறகு காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பூசணி எட்டிப் பார்க்கும் தொட்டியைச் சுற்றிச் சுற்றி, விளக்கு வைக்கும்வரை நடப்பார். பார்த்தவர்கள் அடுத்த குடம் தண்ணீருக்குப் போவதாக நினைத்துக்கொண்டார்கள்.